அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு: எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. திருச்சியில் இருக்கும் அப்பா, அம்மா இருவரையும் கிரீன் கார்டில் அழைக்கப் போட்ட ஐ-130 மனுக்கள் அப்ரூவ் ஆகிவிட்டன. அடுத்தது, வருமானத்தைக் காட்டி அவர்களுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் படிவமான ஐ-864. வீட்டில் அவர், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். போன வருடம் பாதியில் வேலை போய்விட்டதால், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போட்ட வரி ரிட்டர்னில் மொத்தமே 43,000 டாலர்தான் இருக்கிறது. இப்போது வேறு வேலை, ஆண்டுக்கு 46,000. மனைவி பகுதிநேரமாக ஒரு மழலையர் பள்ளியில் 14,000 சம்பாதிக்கிறார். அப்பாவுக்கு அரசு ஓய்வூதியமும் சொந்த வீடும் உண்டு. நண்பர் ஒருவர், "நான் வேண்டுமானால் ஸ்பான்சர் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இது போதுமா, நண்பரைக் கூப்பிடலாமா, மூன்று வருட ரிட்டர்னும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

போதும். நண்பரைக் கூப்பிட வேண்டாம். மனைவியின் கையெழுத்து ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். நான் வக்கீல் இல்லை. என் பெற்றோருக்கு இதையெல்லாம் செய்தவன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் பலருக்கு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்துபோனபோது ஐ-134 என்று ஒரு படிவம் அனுப்பியிருப்பீர்கள். "இவர்கள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் காகிதம் அது. ஐ-864-ஐயும் பலர் அதே மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது ஒப்பந்தம். அந்தக் காலத்தில் ஸ்பான்சர் கொடுத்த உறுதிமொழிகளை நீதிமன்றத்தில் வைத்து வசூல் செய்ய முடியவில்லை என்பதால்தான் 1996-ல் சட்டத்தையே மாற்றினார்கள். 1997 டிசம்பர் 19 முதல் ஐ-864 நடைமுறைக்கு வந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறீர்கள். வருகிறவர் வருமான அடிப்படையில் கொடுக்கப்படும் அரசு உதவியை வாங்கினால், கொடுத்த அலுவலகம் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். வந்தவரே உங்கள் மீது வழக்குப் போட்டு, தன்னைப் பராமரிக்கச் சொல்லியும் கேட்கலாம். அப்பா அம்மா அப்படிச் செய்யமாட்டார்கள் என்பது வேறு விஷயம். கணவன் மனைவி வழக்குகளில் இது நடக்கிறது. விவாகரத்து ஆனாலும் ஐ-864 பொறுப்பு தீராது என்பது நிறையப் பேருக்கு அப்போதுதான் தெரியவரும்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் "எவ்வளவு சம்பளம் வேண்டும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் "எத்தனை தலை?" என்று கேட்பேன். தலைக்கணக்கு சரியாக இல்லாமல் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது, எத்தனை பேர் பந்திக்கு வருகிறார்கள் என்று தெரியாமல் உலை வைப்பது மாதிரி.

எண்ண வேண்டியவர்கள்: நீங்கள், உங்கள் மனைவி, திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளைகள், வரி ரிட்டர்னில் உங்களைச் சார்ந்தவர்கள் என்று நீங்கள் காட்டியிருக்கும் மற்றவர்கள், இப்போது அழைக்கப்படுகிறவர், இதற்கு முன் நீங்கள் ஐ-864 போட்டுக் கிரீன் கார்டு வாங்கி இன்னும் உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள். பிள்ளைகள் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதல் திருமணத்துப் பிள்ளை வேறு மாநிலத்தில் தாயோடு இருந்தாலும் எண்ணிக்கையில் வரும். ஆனால் உங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கும் தம்பி, நீங்கள் அவர் வருமானத்தைச் சேர்த்துக் காட்டாத வரை, வரமாட்டார். ஒருவரையே இரண்டு இடத்தில் எண்ணிவிடாதீர்கள். படிவத்திலேயே அதை எச்சரித்திருக்கிறார்கள், இருந்தும் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

உங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்குத் தனி மனு, அம்மாவுக்குத் தனி மனு. குடியுரிமை பெற்ற மகனோ மகளோ பெற்றோரை அழைக்கும்போது ஒருவரை இன்னொருவருடைய மனுவில் சேர்க்க வழியில்லை. ஆகவே ஐ-864-ம் இரண்டு. அப்பாவின் படிவத்தில் எண்ணிக்கை நான்கும் ஒன்றும் ஐந்து. அம்மாவின் படிவத்திலும் ஐந்துதான், ஏனென்றால் அப்பா இன்னும் கிரீன் கார்டு வாங்கியவர் ஆகவில்லை. இது படிவத்தின்படியான கணக்கு. ஆனால் என் யோசனை, ஆறு பேருக்குத் தேறுகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கோப்பு ஏதோ காரணத்தால் தாமதமாகி, மற்றவர் முதலில் வந்து சேர்ந்துவிட்டால், பின்னால் வருகிறவருக்கு எண்ணிக்கை ஆறாகிவிடும். தவிர, இரண்டு பேரும் ஒரே ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போது விசா அதிகாரி ஆறாகத்தான் மனசுக்குள் கூட்டுவார்.

இனி தொகை. அமெரிக்க அரசு வருடாவருடம் வறுமைக்கோட்டு அளவை வெளியிடும். அதில் 125 சதவீதம் உங்களுக்கு வேண்டும். ராணுவத்தில் பணியில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ அழைத்தால் மட்டும் 100 சதவீதம் போதும். பெற்றோருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2025-ம் ஆண்டு அட்டவணையில் 125 சதவீதம் என்பது இரண்டு பேருக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062, ஆறு பேருக்கு 53,937. அலாஸ்காவிலும் ஹவாயிலும் இதைவிட அதிகம். நியூ ஜெர்சியில் வாடகை எவ்வளவு ஏறினாலும் இந்த அட்டவணைக்கு அது தெரியாது. டெக்சாஸ் கிராமத்துக்கும் ஜெர்சி சிட்டிக்கும் ஒரே தொகைதான். ஐ-864பி என்ற தாளில் புதிய எண்கள் வரும். கையெழுத்துப் போடும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் உங்களுக்கு இடைவெளி குறைவு.

உங்கள் தனி வருமானம் 46,000. ஐந்து பேருக்கே 1,062 டாலர் குறைகிறது. "அடடா, இவ்வளவு கிட்டத்தில் வந்து போச்சே" என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் நண்பருக்குப் போன் போடுகிறார்கள். அதற்கு முன் எந்த வருமானத்தைப் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிவம் கேட்பது உங்கள் தற்போதைய ஆண்டு வருமானத்தை. இன்றைய வேலையில் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்பதே அது. வரி ரிட்டர்ன் அதற்குத் துணைச் சான்று. மூன்று வருடங்களின் மொத்த வருமானத் தொகையை எழுதக் கட்டங்கள் இருக்கும், எழுதத்தான் வேண்டும். ஆனால் கட்டாயம் இணைக்க வேண்டியது கடைசி ஒரு வருட ரிட்டர்ன் மட்டுமே. முந்தைய இரண்டு வருடங்கள் உங்கள் விருப்பம். அவை நன்றாக இருந்தால் இணையுங்கள்: "போன வருடம் மட்டும்தான் சறுக்கல்" என்று அவையே சொல்லிவிடும். உங்கள் விஷயத்தில் வேலை போனதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் நல்ல வருடங்கள் என்றால், இணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரிட்டர்ன் 43,000 என்கிறது, நீங்கள் 46,000 என்கிறீர்கள். எண்கள் இப்படி ஒத்துப்போகாதபோது காகிதம் பேச வேண்டும். இப்போதைய நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், என்ன வேலை, நிரந்தரமா, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இருக்க வேண்டும். கூடவே கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இருக்கிறவரை கொடுங்கள். மூன்றே மூன்று சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுவதைவிட, இரண்டு மாதம் பொறுத்து அனுப்புவது நல்லது என்பேன். கோப்பு அங்கே கிடக்கும், ஓடிப்போகாது.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு கசப்பு இருக்கிறது, கேட்டவருக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்ஸி ஓட்டுகிறவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதுகிறவர் எல்லோரும் வரியைக் குறைப்பதற்காகக் கார், போன், வீட்டில் ஒரு அறை என்று செலவுகளை எழுதித் தள்ளுவார்கள். கையில் 80,000 புரண்டிருக்கும், வருமான வரி ரிட்டர்னான 1040 படிவத்தின் மொத்த வருமானக் கட்டத்தில் 31,000 இருக்கும். ஐ-864-க்கு அந்த 31,000-தான் கணக்கு. வரிக்காரரிடம் ஏழையாகவும் விசா அதிகாரியிடம் வசதியாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. பெற்றோரை அழைக்கப் போகிறோம் என்று தெரிந்தால், ஒரு வருடம் முன்னதாகவே உங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் சி.பி.ஏ.விடம் சொல்லி வையுங்கள். இதே மாதிரிதான் திருச்சியிலோ சென்னையிலோ வரும் வீட்டு வாடகையும். அமெரிக்கக் குடிமக்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே ரிட்டர்னில் காட்ட வேண்டும். காட்டியிருந்தால் இங்கே அது வருமானமாகச் சேரும். காட்டாமல் விட்டதை இப்போது சேர்க்கப் போனால், வேறு கேள்விகள் கிளம்பும்.

இப்போது உங்கள் மனைவி. அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார், தலைக்கணக்கில் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டார். ஆகவே அவர் வருமானத்தைச் சேர்ப்பதால் எண்ணிக்கை கூடாது, தொகை மட்டும் கூடும். 46,000-மும் 14,000-மும் சேர்ந்து 60,000. ஐந்து பேருக்கு வேண்டிய 47,062-ஐத் தாண்டுகிறது, ஆறு பேருக்கு வேண்டிய 53,937-ஐயும் தாண்டுகிறது. இதற்காகத்தான் ஐ-864ஏ என்ற படிவம். அதில் நீங்களும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. கணவன், மனைவி, 18 வயது நிரம்பிய பிள்ளை, உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர் என ஒரே வீட்டில் குடியிருக்கும் உறவினர் இப்படித் தங்கள் வருமானத்தைக் கொடுக்கலாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஐ-864ஏ-யில் கையெழுத்துப் போடுகிறவரும் அதே பொறுப்பில் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். மாமனார் மாமியாருக்காக ஒரு பெண் போடுகிற இந்தக் கையெழுத்தை, "இங்கே ஒரு சைன் போடு" என்று அடுப்படியில் நின்று வாங்கிவிடாதீர்கள். உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பல மாதம் கழித்து என் மனைவி தானாக எடுத்துப் படித்துவிட்டு, "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் சேர்ந்துதான் ரிட்டர்ன் போடுகிறீர்கள். கூட்டு ரிட்டர்னில் யாருடைய சம்பளம் எவ்வளவு என்று பிரித்துத் தெரியாது. நான் ரிட்டர்னை மட்டும் அனுப்பிவிட்டு, நிறுவனம் வருடாவருடம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாள்களை இருவருக்கும் வைக்காமல் விட்டேன். கோப்பு திரும்பி வந்து, மறுபடி போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் கணக்கு திறந்தால் வரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ரிட்டர்னின் அதிகாரப்பூர்வச் சுருக்கம், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரிட்டர்ன் நகலைவிட அது தெளிவு, பக்கமும் குறைவு. ஆனாலும் இருவருடைய டபிள்யூ-2-வையும் கூடவே வையுங்கள். மாநில வரி ரிட்டர்ன் வேண்டாம், யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் ஓய்வூதியத்தை வருமானமாகக் காட்டலாமா? உங்கள் நிலையில் முடியாது. வருகிறவருடைய வருமானத்தைச் சேர்க்க வேண்டுமானால், மனைவியையோ கணவனையோ அழைக்கும்போது தவிர, அவர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்த வருமானம் கிரீன் கார்டுக்குப் பின்னும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வர வேண்டும். அப்பா திருச்சியில் இருக்கிறார். ஆகவே மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கணக்கில் வராது. ஆனால் அதிலிருந்து மிச்சம் பிடித்து வங்கியில் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகை வரும். அது வருமானமாக இல்லாமல் சொத்தாக வரும்.

சொத்துக் கணக்கு இப்படி. எவ்வளவு வருமானம் குறைகிறதோ, அதைப்போல் ஐந்து மடங்கு சொத்து காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகன் தன் மனைவியையோ, 18 வயது தாண்டிய பிள்ளையையோ அழைத்தால் மூன்று மடங்கு போதும். பெற்றோருக்கு ஐந்துதான். மனைவியின் வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு உங்களுக்குக் குறைவது 1,062, ஐந்து மடங்கு 5,310 டாலர். உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கலாம். ஆறு பேர் என்றால் 7,937 குறைகிறது, ஐந்து மடங்கு 39,685 டாலர். ரூபாயில் ஏறக்குறைய 35 லட்சம். இதற்கு அப்பாவின் வைப்புத்தொகை உதவலாம். சொத்து உங்களுடையதாக இருக்கலாம், உங்களோடு குடியிருந்து ஐ-864ஏ போடுகிறவருடையதாக இருக்கலாம், வருகிறவருடையதாகவும் இருக்கலாம். அது வேறு நாட்டில் இருந்தாலும் சரி. நிபந்தனை இரண்டு: ஒரு வருடத்துக்குள் பணமாக்க முடிய வேண்டும், அதனால் சொந்தக்காரருக்குப் பெரிய நஷ்டமோ கஷ்டமோ வரக் கூடாது. இந்தியாவில் இருக்கும் சொத்தென்றால், அந்தப் பணத்தை நாட்டை விட்டு வெளியே எடுக்கவும் முடிய வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமாற்றுத் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால், இது பெரிய தடை இல்லை.

வீடு என்றால் வேலை அதிகம். பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறதா? தாத்தா பெயரிலேயே இருந்து, பாகப்பிரிவினை பேச்சோடு நின்று, பட்டா மாறாமல் கிடக்கிறதா? நம் ஊர்ச் சொத்துகளில் பாதிக்கு இந்தக் கதைதான். சித்தப்பாவின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாத வீட்டை ஒரு வருடத்தில் பணமாக்கலாம் என்று எப்படிச் சொல்வீர்கள்? பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை எல்லாம் வேண்டும், தமிழில் இருப்பதற்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கடன் இருந்தால் கழித்துக்கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை வேறொன்று, அறிக்கையில் எழுதியிருப்பது மூன்றாவது ஒன்று என்று இருந்தால், பார்க்கிறவருக்குச் சந்தேகம்தான் மிஞ்சும். ஆகவே நான் எப்போதும் வங்கிப் பணத்தை முதலில் காட்டச் சொல்வேன், வீட்டைக் கடைசியில். வங்கிக்கும் ஒரு முறை உண்டு. பன்னிரண்டு மாதக் கணக்கு விவரம் கொடுங்கள். போன வாரம் யாரோ போட்ட 30 லட்சம் திடீரென்று உட்கார்ந்திருந்தால், அது யார் பணம் என்று கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். நகையைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அம்மாவின் நகையை வைத்துக் கணக்கை நிரப்ப வேண்டிய நிலை வந்தால், வேறு வழி பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்பாவும் நீங்களும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கைக் காட்டப் போகிறீர்களா? வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை போட வேண்டும். நீங்கள் பேருக்குத்தான் அந்தக் கணக்கில் இருந்தாலும் அது பொருந்தும். போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் விஷயம். ஜாயின்ட் ஸ்பான்சர் என்று ஒரு வழி இருப்பது உண்மை. அவர் 18 வயது நிரம்பியவராக, குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ, அமெரிக்காவில் குடியிருப்பவராக இருந்தால் போதும். உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் 46,000-த்தில் குறைகிற 1,062-ஐ மட்டும் அவர் நிரப்ப முடியாது. அவர் தன் குடும்ப எண்ணிக்கையோடு வருகிறவரையும் கூட்டி, முழுத் தொகைக்கும் தன் வருமானத்தால் தனியாகத் தேற வேண்டும். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், உங்கள் அப்பாவோடு ஆறு. அவர் வந்துவிட்டாலும் உங்கள் ஐ-864 போகாது. மனு போட்டவர் வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். "நண்பர் கொடுத்துவிட்டாரே" என்று தன் படிவத்தை அனுப்பாமல் விட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையிலேயே வேறு வழியில்லை என்றால், அப்பாவுக்கு ஒருவர், அம்மாவுக்கு இன்னொருவர் என்று இரண்டு பேரிடம் பாரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டும் தனித்தனி மனு என்பதால் அதற்கு இடம் உண்டு.

நண்பரை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. இந்தப் பொறுப்பு எப்போது முடியும் என்று பாருங்கள். வந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆனால் முடியும். 40 காலாண்டுகள், அதாவது சுமார் பத்து வருட உழைப்பு அவர் கணக்கில் சேர்ந்தால் முடியும். அவர் கிரீன் கார்டைக் கைவிட்டு நாட்டை விட்டுப் போய்விட்டால் முடியும். அவரோ ஸ்பான்சரோ இறந்தால் முடியும். "ஐந்து வருடம்தானே", "பத்து வருடம்தானே" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்படி வருடக்கணக்கு எதுவும் கிடையாது. எழுபது வயது அப்பா பத்து வருடம் வேலைக்குப் போகப் போவதில்லை. குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. 55 வயது தாண்டி, கிரீன் கார்டில் 15 வருடம் ஆனவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு. அப்போது மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். தவிர, இந்தியக் குடியுரிமையை விட வேண்டும் என்றதும் அப்பாக்கள் பலர், "அதெல்லாம் எதுக்குப்பா, இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆக, நண்பர் போடுகிற கையெழுத்து நடைமுறையில் ஆயுள் காலக் கையெழுத்து. அவர் அன்பில் சொல்கிறார், படித்துவிட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு அவர் தன் மாமியாரை அழைக்க மனைவிக்குத் துணையாக நின்றாலோ, தன் அப்பாவுக்குப் படிவம் போட்டாலோ, இந்தப் பொறுப்பு அவர் கணக்கிலும் ஒரு தலையாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே தீர்கிற கணக்கை வெளியே கொண்டுபோக வேண்டாம்.

படிவம் நிரப்பும்போது சில சின்ன விஷயங்கள். நோட்டரி தேவையில்லை. பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். ஐ-864இஇசட் என்ற சின்னப் படிவத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உங்கள் சொந்தச் சம்பளம் மட்டுமே போதும் என்கிறவர்களுக்கானது அது. மனைவி வருமானத்தைச் சேர்க்கும் உங்களுக்கு ஆகாது. குடும்ப எண்ணிக்கைக் கட்டத்தில் எழுதும் எண்ணும், பிள்ளைகள் பெயர் விவரமும், வரி ரிட்டர்னும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வயது, உடல்நிலை, கையிருப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற அதிகாரம் விசா அதிகாரிக்கு உண்டு. ஆகவே தொகை தேறியதோடு விட்டுவிடாமல், அப்பாவின் வைப்புத்தொகை விவரத்தையும் ஓய்வூதிய ஆணையையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். நேர்காணல் அநேகமாக மும்பையில் இருக்கும், சென்னையில் என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். படிவம் போட்டதற்கும் நேர்காணலுக்கும் நடுவில் ஒரு ஏப்ரல் 15 தாண்டிவிட்டால், புதிய வருட டிரான்ஸ்கிரிப்டையும் புதிய சம்பளச் சீட்டுகளையும் அப்பா அம்மாவுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்தே பெற்றோருக்கு மனு போட்ட குடிமக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வருமானத்தைவிடக் குடியிருப்புதான் பிரச்சினை. ஸ்பான்சர் அமெரிக்காவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அல்லது அவர்கள் வரும்போது தானும் வந்து குடியேறப் போவதைக் காட்ட வேண்டும். வேலைக்கான கடிதம், வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை இவையெல்லாம் அதற்கு உதவும். பெங்களூரில் வாங்குகிற சம்பளம், இங்கே வந்த பின்னும் அதே நிறுவனத்திலிருந்து தொடரும் என்று காட்ட முடியாவிட்டால் கணக்கில் சேராது.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. 47,062 என்பது கதவைத் திறக்கிற தொகைதான், வீட்டை நடத்துகிற தொகை இல்லை. 65 வயது தாண்டியிருந்தாலும், ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே கிரீன் கார்டில் இருந்த பிறகுதான் அப்பா அம்மா முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டுக்கும் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், வாங்கினால் உங்கள் ஒப்பந்தத்தைத் தொடும் உதவி அது. அதுவரை காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்க வேண்டியதுதான், அந்த வயதில் பிரீமியம் மலிவாக இருக்காது. டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் மாநிலக் காப்பீட்டு இணையதளத்தில் இருவருடைய வயதையும் கொடுத்து, மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடுங்கள். வந்து இறங்கியதும் சேர்வதற்கு 60 நாள்தான் இருக்கும். அப்புறம், வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 போட்டு முகவரியைத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் 250 டாலரிலிருந்து அபராதம் என்று நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் அதே ஐ-864-லேயே எழுதியிருக்கிறது.